கொஞ்சம் பார்வை உள்ள சின்னப் பிள்ளைக்கு வீட்டுல என்ன செய்யலாம்: அடிக்கடி கேட்குற கேள்விகள்

மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துலயும் டவுன் தாமான் குடியிருப்புலயும் இருக்குற அம்மா அப்பாங்க, பாட்டிங்க, பிள்ளைங்களைப் பாத்துக்குற ஆயாக்கொட்டாய் நடத்துறவங்க எல்லாம் எங்கிட்ட கேட்ட கேள்விங்களை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கம்மி, அதோட மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்குற பிடிகே நிலையத்துல கூடமாட நிக்கிறேன், அதனாலதான் எங்கிட்ட கேக்குறாங்க. நான் டாக்டர் இல்ல. மருந்து, ஆப்பரேஷன், கண்ணாடி பவர் இதெல்லாம் கண் டாக்டரும் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் சொல்றதைக் கேளுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வருசத்துல சில நாள்தான் போறோம், மத்த நாளெல்லாம் பிள்ளை நம்மகிட்டதானே இருக்கு, அந்த நாளுங்களுக்கு இது உதவும்.

கண்ணை ரொம்ப பயன்படுத்துனா மிச்சம் இருக்குற பார்வையும் தேஞ்சு போயிடாதா?

தேயாது. முதல்ல இந்தக் கேள்வியை வச்சதுக்குக் காரணம், இந்தப் பயத்துலதான் நிறைய வீட்டுல பிள்ளைய புத்தகம் தொடவிடாம, டிவி பாக்கவிடாம, ஒரு மூலையில பத்திரமா உக்கார வச்சிடுறாங்க. பயப்படுறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஒரு காலத்துல படிச்சவங்களே அப்படித்தான் நம்புனாங்க. 1913ல அமெரிக்காவுல பாஸ்டன்ல பார்வையைச் சேமிக்கிற வகுப்புன்னே ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கண்ணுக்கு வேலை கொடுக்காம காப்பாத்துறதுதான் அதோட நோக்கம். அப்புறம் 1964ல நடாலி பராகான்னு ஒரு அம்மா, ரொம்பக் குறைஞ்ச பார்வை உள்ள பிள்ளைங்களுக்கு முறையா பார்க்குற பயிற்சி கொடுத்துப் பார்த்து, அந்தப் பிள்ளைங்க தங்களுக்கு இருக்குற பார்வையை முன்னைவிட நல்லா பயன்படுத்துறாங்கன்னு காட்டுனாங்க. அதுக்குப் பிறகு உலகம் முழுக்க இந்தப் பேச்சே மாறிப்போச்சு, நம்ம தோட்டத்துக்குத்தான் சேதி இன்னும் முழுசா வந்து சேரல.

சில நோயில பார்வை நாளாக நாளாக குறையும், உதாரணத்துக்கு கண் அழுத்தம், சில வகை விழித்திரை நோய். அது நோயோட போக்குல குறையுது, பிள்ளை படம் பார்த்ததால இல்ல. ரொம்ப அதிகமான கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு மட்டும் தலையில அடிபடாம பாத்துக்கணும்னு டாக்டர் சொல்வார், ஏன்னா விழித்திரை பிரிஞ்சுவர வாய்ப்பு அவங்களுக்குக் கூட.

அப்ப பயிற்சி கொடுத்தா கண்ணு சரியாயிடுமா?

பழுதான நரம்பையோ விழித்திரையையோ பயிற்சி சரி பண்ணாது. அப்படி சரி பண்ணித் தரேன்னு யாராச்சும் காசு கேட்டா வெளிய அனுப்பிடுங்க. நடக்குறது என்னன்னா, கண்ணு அனுப்புற மங்கலான சேதியை மூளை கத்துக்கிட்டு, இது கோப்பை, இது அப்பாவோட சட்டை, இது படிக்கட்டு முடியுற இடம்னு புரிஞ்சிக்க ஆரம்பிக்குது. ஒரே அளவு பார்வை உள்ள ரெண்டு பிள்ளைங்கள்ல ஒண்ணு கீழ விழுந்த பிஸ்கட்டைத் தேடி எடுக்கும், இன்னொண்ணு அழுதுகிட்டு கை நீட்டும். ஆஸ்பத்திரி கார்டுல ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தான் எழுதியிருக்கும். 

மூளையில பார்வைக்கான பகுதி பிறந்ததுல இருந்து ஏழு எட்டு வயசு வரைக்கும்தான் ரொம்ப இளகி இருக்கு, அதுலயும் முதல் சில வருசம் ரொம்ப முக்கியம். அதனால பெருசானதும் பாத்துக்கலாம்ங்குற பேச்சு வேணாம்.

எந்த வயசுல என்ன பார்த்து சந்தேகப்படணும்?

பிறந்த குழந்தைக்கு எல்லாமே மங்கல்தான், ஒரு சாண் தூரம் கிட்டத்தட்ட, அதாவது பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்குற தூரம், அதுதான் அதுக்கு வசதி. ரெண்டு மாசம் வாக்குல முகத்தைப் பார்த்து சிரிக்கணும், மூணு மாசத்துல கண்ணால ஒரு பொருளைத் தொடரணும். இது நடக்கலன்னாலோ, கண்ணு ரெண்டும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருந்தாலோ, நாலு மாசத்துக்கு மேலயும் மாறுகண் இருந்தாலோ, வெயில்ல கண்ணே திறக்காம எப்பவும் தண்ணியா வடிஞ்சாலோ, அடுத்த ஊசிக்குப் போகும்போது சொல்லிக்கலாம்னு இருக்காம கிளினிக் போங்க. கிளினிக் மிஸ்ஸிகிட்ட, அதான் நர்ஸ்கிட்ட, பிள்ளையோட ரெக்கார்டு புக்கைக் காட்டி, கண் டாக்டருக்கு லெட்டர் வேணும்னு வாயைத் திறந்து கேளுங்க.

கருவிழி நடுவுல வெள்ளையா தெரிஞ்சா, இல்ல பிளாஷ் போட்டு எடுத்த படத்துல ஒரு கண்ணு சிவப்பாவும் இன்னொண்ணு வெள்ளையாவும் தெரிஞ்சா, அது கண்புரையா இருக்கலாம், கண்ணுக்குள்ள புத்துநோய் கட்டியாவும் இருக்கலாம். அன்னிக்கே போங்க, மறுநாள்கூட வேணாம். பிறவிக் கண்புரையை முதல் சில வாரத்துக்குள்ளயே எடுத்தாதான் மூளை பார்க்கக் கத்துக்கும், ஆறு மாசம் தள்ளிப்போட்டா ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சாலும் பார்வை அந்த அளவுக்கு வராது.

குறைமாசத்துல பிறந்த பிள்ளைன்னா தனி கவனம். 32 வாரத்துக்கு முன்னாடியோ 1500 கிராமுக்குக் கீழயோ பிறந்தா, பிறந்து நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள விழித்திரையைச் சோதிக்கணும். வார்டுல இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பிள்ளை கொழுகொழுன்னு ஆயிடுச்சுன்னு சொல்லி அந்த அப்பாயிண்ட்மெண்டை விட்டுடாதீங்க, மோட்டார் இல்லன்னா பக்கத்து வீட்டு கார்ல ஏறியாச்சும் போயிடுங்க.

பேசத் தெரியாத பிள்ளைக்கு எப்படி கண் டெஸ்ட் பண்ணுவாங்க? சும்மா ஏதோ எழுதிக் குடுக்குறாங்களோ?

அப்படி இல்ல. ஒரு பக்கம் வெறும் சாம்பல் கலர், இன்னொரு பக்கம் கறுப்பு வெள்ளை கோடு போட்ட அட்டையைக் காட்டுவாங்க. குழந்தை கண்ணு தானா கோடு இருக்குற பக்கம் போகும், கோட்டை மெலிசாக்கிக்கிட்டே போவாங்க, எந்த இடத்துல பிள்ளை திரும்புறதை நிறுத்துதோ அதுதான் அளவு. மூணு வயசு வாக்குல ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம்னு நாலே படம் உள்ள அட்டை வரும், பின்லாந்து கண் டாக்டர் லேயா ஹூவாரினென் 1976ல உருவாக்குனது. அந்த நாலு படத்தையும் வீட்டுலயே பெருசா வரைஞ்சு விளையாட்டு காட்டிட்டு கூட்டிப் போனா, டாக்டர் ரூம்ல பிள்ளை திருதிருன்னு முழிக்காது.

கார்டுல 6/18னு போட்டிருந்தா, மத்தவங்க 18 மீட்டர்ல நின்னு பாக்குறதை உங்க பிள்ளை 6 மீட்டருக்கு வந்துதான் பாக்குதுன்னு அர்த்தம். நல்லா தெரியுற கண்ணுல, கண்ணாடி போட்டும் 6/18க்குக் கீழ, ஆனா 3/60 வரைக்கும் இருந்தா நம்ம நாட்டுல குறைபார்வைன்னு பதிவாகும், 3/60க்கும் கீழ போனா பார்வையற்றவர் கணக்கு. அந்தக் கணக்குல வர்ற பிள்ளைங்களுக்கும் பல பேருக்கு வெளிச்சம், நிழல், அசைவு, பெரிய கலர் இதெல்லாம் தெரியும், அதையும் பயன்படுத்தலாம்.

டாக்டர்கிட்ட நம்பர் மட்டும் கேட்டு வராதீங்க. நோயோட பேரை ஒரு தாள்ல எழுதி வாங்குங்க, எந்தப் பக்கம் நல்லா தெரியுது, வெளிச்சம் கூட வேணுமா குறைக்கணுமா, எவ்வளவு கிட்ட காட்டணும், இதையும் கேளுங்க. அவசரத்துல மறந்துடும், போன்லயே எழுதி வச்சிக்கிட்டுப் போங்க.

வீட்டுல எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

சாப்பாட்டுல இருந்து. தனியா பயிற்சி நேரம்னு வச்சா ரெண்டு வாரத்துல விட்டுப்போகும், வேலைக்குப் போற வீட்டுல யாருக்கு நேரம் இருக்கு. சாப்பிடுறது, குளிக்கிறது, உடுப்பு மாத்துறது எப்படியும் நடக்குது, அதுக்குள்ளயே பார்க்குற வேலையை நுழைச்சிடணும்.

வெள்ளை மங்குல வெள்ளைச் சோறு, அதை வெளிர் கலர் மேசை விரிப்பு மேல வச்சா பிள்ளை கண்ணுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. அதே சோத்தை வாழை இலையில வச்சுப் பாருங்க. கரும்பச்சை மேல வெள்ளை பளிச்சுன்னு நிக்கும், பக்கத்துல ஒரு துண்டு பூசணிக்காய் வச்சா மஞ்சள் தனியா தெரியும். எங்க பிடிகேல ஒரு பிள்ளை, எப்பவும் தட்டுல கையை விட்டு துழாவித்தான் சாப்பிடும், இலையில வச்ச அன்னிக்கு மூக்கு இலையில படுற அளவுக்குக் குனிஞ்சு, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துட்டு, விரலை நேரா அந்த மஞ்சள் துண்டு மேல வச்சிச்சு. தினம் இலைக்கு எங்க போறதுன்னா கருநீலமோ கறுப்போ ஒரு பிளாஸ்டிக் தட்டு போதும், மைலோவுக்கு வெள்ளைக் கோப்பை, பாலுக்கு சிவப்பு இல்ல நீலக் கோப்பை. உள்ள இருக்குறதும் பாத்திரமும் ஒரே கலரா இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விசயம்.

அடுத்தது நெரிசல். பாயில இருபது பொம்மை பரப்பி வச்சா, பூப்போட்ட பெட்சீட் மேல போட்டா, எது எதுன்னு அந்தக் கண்ணுக்குப் பிரியாது. ஒரே கலர் துணி, கறுப்பு இருந்தா நல்லது, அது மேல ஒரு பொருள், ரொம்பப் போனா ரெண்டு. கூட கைலயும் தொட விடுங்க. முதல்ல பார்க்கட்டும், அப்புறம் எட்டிப் பிடிக்கட்டும், பிடிச்சதும் அதோட பேரைச் சொல்லுங்க. கை நீட்டுறதுக்கு முன்னாடியே நாம எடுத்துக் கையில திணிச்சிடுறோம் பாருங்க, பாசத்துலதான், ஆனா பிள்ளைக்குப் பார்க்கவே அவசியம் இல்லாம போயிடுது.

குளிக்கும்போது சிவப்பு வாளி இல்ல மஞ்சள் கைச்செம்பு. உடுப்பு மாத்தும்போது ரெண்டு சட்டையைக் காட்டி எது வேணும்னு கேளுங்க. சிமெண்டு வாசல்ல கோலம் போடும்போது பக்கத்துல உக்கார வச்சு, தடிமனா ஒரு வளைவு போட்டு, அதுமேல விரல் ஓட்டச் சொல்லுங்க, கண்ணு விரலைத் தொடரும். இதுக்கெல்லாம் ஒரு காசு செலவு இல்ல.

நேரமும் பார்க்கணும். தூக்கக் கலக்கத்துல, பசியில, காய்ச்சல்ல எந்தப் பிள்ளையும் பார்க்காது. அஞ்சு நிமிசம் நல்லா பார்த்தா போதும், முகத்தைத் திருப்பிக்கிச்சுன்னா களைச்சுடுச்சு, விட்டுடுங்க.

எங்க வீடு பழைய தோட்டத்து வீடு, பகல்லயே இருட்டு. லைட்டு கூட போட்டா சரியாகுமா?

லைட்டு எங்க இருக்குங்குறதுதான் முக்கியம். வெளிச்சம் பிள்ளையோட முதுகுப் பக்கத்துல இருந்தோ தோளுக்குப் பக்கவாட்டுல இருந்தோ பொருள் மேல விழணும். ஜன்னலைப் பார்த்து பிள்ளைய உக்கார வச்சு, ஜன்னலுக்கு முன்னாடி நீங்க நின்னா, உங்க முகம் அதுக்கு கறுப்பு நிழல்தான். இடத்தை மாத்தி, ஜன்னல் வெளிச்சம் உங்க முகத்துல படுற மாதிரி உக்காருங்க, சிரிப்பு தெரியும்.

ஆனா எல்லாப் பிள்ளைக்கும் கூடுதல் வெளிச்சம் ஒத்துக்காது. முடியும் தோலும் வெளுத்துப் பிறக்குற அல்பினிசம் பிள்ளைங்களுக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தும். அவங்களுக்குத் தொப்பி, டாக்டர் சொல்ற கலர் கண்ணாடி, தோலுக்கு வெயில் கிரீம், மூணும் வேணும். செம்பனைக்கு நடுவுல மோட்டார்ல போகும்போது வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கும், பெரியவங்களுக்கே கூசும். வெளிய இருந்து வீட்டுக்குள்ள வந்ததும் வாசல்லயே கொஞ்சம் நிக்க விடுங்க, கண்ணு பழகட்டும், அதுக்குள்ள உள்ள வா உள்ள வான்னு இழுத்தா நிலைப்படியில இடிச்சுக்கும்.

படிக்கட்டு விளிம்புல மஞ்சள் டேப்பு ஒட்டுங்க, லோங்காங், அதான் சாக்கடை வாய்க்கால், அதோட ஓரத்துல வெள்ளைப் பெயிண்ட் ஒரு பட்டையா அடிங்க. கதவை ஒண்ணு முழுசா திறந்து வைங்க இல்ல முழுசா மூடுங்க, பாதியில நிக்கிற கதவுதான் நெத்தியைப் பதம் பார்க்கும்.

டிவியை ஒட்டி உக்காந்து பாக்குறான், புத்தகத்தை மூக்குல வச்சுக்குறான். தடுக்கணுமா?

வேணாம். தூரத்தைப் பாதியாக்குனா கண்ணுல விழுற படம் ரெண்டு மடங்கு பெருசாகும், அவன் தனக்குத் தானே பூதக்கண்ணாடி செஞ்சுக்குறான். சின்னப் பிள்ளைங்க கண்ணுக்குக் கிட்டத்துல போக்கஸ் பண்ற சக்தி நம்மளைவிட நிறைய இருக்கு. கழுத்து வலிக்காம இருக்க, புத்தகத்தைச் சாய்ச்சு வைக்க ஒரு பலகை செஞ்சு கொடுங்க. முன்னாடி இல்லாம புதுசா இப்பத்தான் கிட்ட போய் பாக்குறான்னா மட்டும் கண் டாக்டர்கிட்ட காட்டணும்.

தலையைச் சாய்ச்சுத்தான் பாக்குறா, நேரா வைன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா.

சொல்லாதீங்க. கண் ஆடுற பிள்ளைங்களுக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்துல ஆட்டம் குறையும், அங்க வச்சுப் பார்த்தாதான் தெளிவு. சில பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பார்வை இருக்கும், அதனால முகத்தைத் திருப்பி அந்தப் பக்கமா பார்க்கும். டாக்டருக்குத் தெரியட்டும், வீட்டுல எல்லாருமா சேர்ந்து தலையைப் பிடிச்சு நேராக்குற வேலை வேணாம். வகுப்புல எந்தப் பக்கம் உக்கார வைக்கணும்னு டீச்சருக்கும் இதை வச்சுத்தான் சொல்லணும்.

கண்ணு நல்லா இருக்கு, மூளையிலதான் பிரச்சனைன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு என்ன பண்றது?

பிறக்கும்போது மூச்சுத் திணறல், ரொம்பக் குறைமாசம், வலிப்பு, மூளைக் காய்ச்சல், இப்படி ஏதாவது நடந்த பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு இது வருது, சிவிஐன்னு சுருக்கமா சொல்வாங்க. கேமரா சரியா படம் பிடிக்குது, படத்தைப் பிரிச்சுப் பார்க்குற இடத்துல கோளாறு. இதுல இருக்குற குழப்பம் என்னன்னா பிள்ளை சில சமயம் பார்க்கும் சில சமயம் பார்க்காது, உடனே வீட்டுல நடிக்கிறான், பிடிவாதம்னு சொல்லிடுவாங்க. நடிப்பு இல்ல. களைப்பு, சத்தம், புது இடம், கூட்டம், எது கூடுனாலும் அந்தப் பார்வை இறங்கிடும்.

இந்தப் பிள்ளைங்கள்ல பல பேருக்கு ஏதாவது ஒரு கலர்ல பிடிப்பு இருக்கும், சிவப்பும் மஞ்சளும் அதிகமா பார்க்குறோம். அசைஞ்சா தெரியும், சும்மா இருந்தா தெரியாது. பளபளன்னு மின்னுறது பிடிக்கும். அதனால ஒரு சிவப்பு கோப்பை இல்ல சிவப்பு ரிப்பன், அதை மட்டும் எடுத்துக்கிட்டு, கறுப்புத் துணிக்கு முன்னாடி, பிள்ளை நல்லா பார்க்குற பக்கத்துல, மெதுவா ஆட்டுங்க. ஆட்டிட்டுக் காத்திருங்க. இதுதான் எல்லாருக்கும் கஷ்டம். திரும்பிப் பார்க்க இந்தப் பிள்ளைக்கு அரை நிமிசம்கூட ஆகும், அதுக்குள்ள நாம தெரியல போலன்னு எடுத்துடுறோம். வாய்க்குள்ள மெதுவா முப்பது வரைக்கும் எண்ணுங்க.

காத்திருக்கும்போது பேசாதீங்க, வளையலைக் குலுக்காதீங்க, ரேடியோவை அடைங்க. காது வேலை செய்யும்போது கண்ணு ஓய்வெடுத்துக்கும் இந்தப் பிள்ளைங்களுக்கு. பார்த்து முடிச்ச பிறகு தாராளமா கொஞ்சுங்க. வாரம் ஒரு புதுப் பொருள்னு மாத்தாம அதே கோப்பையை வச்சே பல நாள் ஓட்டுங்க, பழகுன பொருளைத்தான் அவங்க முதல்ல பார்ப்பாங்க, பிறகு அதே சிவப்புல ஒரு கரண்டி, ஒரு பந்துன்னு மெல்ல விரிச்சுக்கிட்டுப் போகலாம். நம்பிக்கையா ஒண்ணு சொல்றேன், சிவிஐ பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு சரியான விதத்துல காட்டிக்கிட்டே வந்தா பார்வைப் பயன்பாடு கண்ணுக்குத் தெரியுற மாதிரி கூடுது.

என்ன பொம்மை வாங்கலாம்? ஆன்லைன்ல கண்ணுப் பயிற்சி லைட்டு பொம்மைன்னு நிறைய விக்குறாங்களே.

ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையில கிடைக்குற ஒரே கலர் பந்து, பளபளப்பு காகிதம், கறுப்பு அட்டை, டார்ச்லைட்டு, இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சு அவசியம் இல்ல. டார்ச்சை சுவத்துல அடிச்சு, அந்த வட்டத்தைத் துரத்தி விளையாடலாம், கலர் பிளாஸ்டிக் தாளை டார்ச் மேல சுத்தலாம். கண்ணுக்கு நேரா மட்டும் அடிக்காதீங்க, லேசர் லைட்டு வேணவே வேணாம். வலிப்பு வர்ற பிள்ளைக்கு விட்டு விட்டு மின்னுற லைட்டு ஆகாது. பலூன் வெடிச்சா துண்டை வாயில போட்டுக்கும், பெரியவங்க பக்கத்துல இல்லாம கொடுக்காதீங்க.

பாட்டு பாடி, லைட்டு அடிச்சு, குலுங்கி, சுத்துற பொம்மை பார்க்க அழகா இருக்கு, சொந்தக்காரங்க அதைத்தான் வாங்கிட்டு வருவாங்க. அதுல பிள்ளை சத்தத்தைக் கேட்டு சிரிக்குது, கண்ணால பார்த்தான்னு நாம நினைச்சுக்குறோம்.

கண்ணாடி போட்டா புடுங்கி எறிஞ்சிடுறா. நல்ல கண்ணை மூடச் சொன்னதும் ஒரே அழுகை.

கண்ணாடி மூக்குல வழுக்குதான்னு முதல்ல பாருங்க, பின்னாடி எலாஸ்டிக் பட்டி போட்ட சின்னப் பிள்ளை பிரேம் இருக்கு. பிடிச்ச வேலைக்கு முன்னாடி போட்டு விடுங்க, அந்த வேலை முடியுற வரைக்கும் இருந்தா போதும், பிறகு நேரத்தைக் கூட்டுங்க. போட்ட உடனே ஒண்ணைக் காட்டுங்க, கண்ணாடி போட்டா உலகம் நல்லா இருக்குன்னு அதுக்கே தெரியணும். சில வாரம் ஆகியும் சுத்தமா ஒத்துக்கலன்னா பவரைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க.

ஒரு கண்ணை மூடுறது சோம்பேறிக் கண்ணை வேலைக்கு இழுக்கத்தான். எத்தனை மணி நேரம்னு டாக்டர் சொன்னதைத் தாண்டாதீங்க, குறைக்கவும் குறைக்காதீங்க. மூடி இருக்குற நேரம் பிள்ளைக்குக் கம்மியாத்தான் தெரியும், அந்த நேரத்துல தனியா வாசல்ல விடாதீங்க.

போன் கொடுக்கலாமா?

ரெண்டு வயசுக்குக் கீழ வேணாம், ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது. சில சிவிஐ பிள்ளைக்கு வெளிச்சம் உள்ள திரையில ஒரே படம் பெருசா காட்டுனா நல்லா பார்க்கும், அதை டாக்டரோ தெரப்பிஸ்ட்டோ சொன்னா பயன்படுத்துங்க. அழாம இருக்க கார்ட்டூன் போட்டுக் கொடுக்குறது வேற கதை, அதைப் பயிற்சின்னு கணக்குல சேர்க்காதீங்க.

கேரட், நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால் சொட்டு?

வைட்டமின் ஏ குறைஞ்சிருந்தா சாப்பாடு உதவும், மத்த கோளாறுக்கு கிலோ கணக்குல கேரட் சாப்பிட்டாலும் மாறாது. கண்ணுக்குள்ள எதையும் ஊத்தாதீங்க, பூச்சாறு, தாய்ப்பால், தேன் எதுவா இருந்தாலும் சரி. புண்ணாகி கருவிழியில தழும்பு விழுந்தா இருக்குறதும் போயிடும். பாட்டி மனசு சங்கடப்படும்னா பூவை சாமிக்கு வைக்கச் சொல்லுங்க.

கர்ப்பத்துல கிரகணம் பார்த்ததாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க.

கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. காரணம் கண்டுபிடிக்க முடிஞ்சா டாக்டரே சொல்வார். கர்ப்பத்துல ருபெல்லா அம்மை வந்தா பிள்ளைக்குக் கண்புரை வரலாம், அதனாலதான் அந்த ஊசி முக்கியம். அல்பினிசம், சில விழித்திரை நோய் எல்லாம் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் மறைஞ்சு வர்றது, மாமன் மகள் அத்தை மகன் கட்டுன குடும்பத்துல அந்த வாய்ப்பு கூடுது. இதைச் சொன்னா வீட்டுல சண்டை வரும்னு தெரியும், ஆனா அடுத்த பிள்ளை பெத்துக்கப் போறீங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேக்கணும். மருமகளை மட்டும் கூண்டுல ஏத்துறதை என்னால ஒத்துக்க முடியாது, பாதி ஜீன் அப்பா வழியாத்தான் வருது.

ஆயாவீட்டுல விட்டுட்டு வேலைக்குப் போறேன், அங்க என்ன சொல்லி வைக்கணும்?

கிட்ட வந்ததும் பேர் சொல்லி, தான் யாருன்னு சொல்லிட்டுத் தொடச் சொல்லுங்க, திடீர்னு பின்னால தூக்குனா பிள்ளை பயந்துடும். சாமானை இடம் மாத்தாம வைக்கச் சொல்லுங்க. ஆயாவும் பூப்போட்ட கைலிக்குப் பதிலா ஒரே கலர்ல கட்டுனா, அவங்க நீட்டுற பால் போத்தல் தனியா தெரியும்னு நான் ஒரு ஆயாகிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு மறுநாள் மெரூன் கட்டிக்கிட்டு வந்தாங்க.

ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்துன மாதிரி ஆயிடாதா?

கார்டு பர்சுக்குள்ள இருக்கப்போவுது, நெத்தியில ஒட்டப்போறதில்ல. ஆஸ்பத்திரியில பாரம் நிரப்பி டாக்டர் கையெழுத்து வாங்கி வெல்ஃபேர் ஆபிஸ்ல கொடுக்கணும், வெல்ஃபேரோட எஸ்எம்ஓகேயூங்குற பதிவு இணையத்தளத்துலயும் பதியலாம். 2008ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இந்தப் பதிவுக்கு இடம் இருக்கு. கார்டு இருந்தா கேடிஎம் ரயில்ல பாதி விலை, அரசாங்க ஆஸ்பத்திரி செலவுலயும் சலுகை. பள்ளியில சிறப்புத் தேவை மாணவனா பதிஞ்சா மாசம் 150 வெள்ளி உதவித்தொகை.

வெல்ஃபேர் நடத்துற பிடிகே நிலையம் உங்க ஊர்ப்பக்கம் எங்க இருக்குன்னு அதே ஆபிஸ்ல கேளுங்க. கண்ணுக்குன்னு தனிப் பயிற்சி வேணும்னா நம்ம பேராக் ஆளுங்களுக்குப் பினாங்கு செயிண்ட் நிக்கலஸ் இல்லம் பக்கம், 1926ல இருந்து நடக்குது, குறைபார்வைக்குன்னு தனிச் சேவை இருக்கு. கோலாலம்பூர் போக முடிஞ்சா பிரிக்ஃபீல்ட்ஸ்ல மலேசிய பார்வையற்றோர் சங்கம். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி நாள் கேட்டுக்கிட்டுப் போங்க, ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டுப் போய் கதவு பூட்டியிருந்தா யாருக்கு நட்டம்.

பள்ளிக்கூடத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. கல்வி அமைச்சோட 2019 கொள்கைப்படி சிறப்புத் தேவை உள்ள பிள்ளைய இடமில்லன்னு திருப்பி அனுப்பக்கூடாது. ஜொகூர் பாருவுல பார்வை இல்லாத பிள்ளைங்களுக்குன்னு பிரின்சஸ் எலிசபெத் பள்ளி ரொம்ப வருசமா இருக்கு, ஆனா ஆறு ஏழு வயசுல பிள்ளைய அவ்வளவு தூரம் ஹாஸ்டல்ல விட எல்லா அம்மாவாலயும் முடியாது. நல்லா கிட்டத்துல பார்க்குற பிள்ளைன்னா பக்கத்துப் பள்ளியிலயே முன் வரிசை, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காரும் இடம், பெருசா அச்சடிச்ச தாள், கறுப்புப் பேனா, இவ்வளவு கேட்டு வாங்கி சமாளிக்கலாம்.

பிரெய்ல் சொல்லிக் கொடுத்தா கண்ணால பார்க்குறதையே விட்டுடுவானோ?

விடமாட்டான். ரெண்டும் தெரிஞ்ச பிள்ளை, கண்ணு களைச்சா விரலால படிக்கும். பெரிய எழுத்தைக்கூட நாலு வார்த்தை படிக்குறதுக்குள்ள தலைவலி வருதுன்னா, இல்ல பார்வை குறைஞ்சுக்கிட்டே போற நோய்னா, சீக்கிரமே ஆரம்பிக்கிறது நல்லது. தமிழுக்கும் பிரெய்ல் இருக்கு, அதே ஆறு புள்ளிதான். வெள்ளைக் குச்சியும் அப்படித்தான், நடக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கே அளவா குச்சி கிடைக்குது, கால் எங்க வைக்குறதுன்னு குச்சி பாத்துக்கிட்டா, மிச்ச பார்வையை நிமிர்ந்து எதிர்ல வர்றவங்களைப் பார்க்க வச்சுக்கலாம்.

விரலால கண்ணை அழுத்திக்கிட்டே இருக்கான், அடிச்சாலும் விடல.

அடிக்காதீங்க. ரொம்பக் குறைஞ்ச பார்வை உள்ள சில பிள்ளைங்க, முக்கியமா விழித்திரைக் கோளாறு உள்ளவங்க, அழுத்தும்போது உள்ள மின்னல் மாதிரி தெரியுறதுக்காக அப்படிச் செய்றாங்க. நாளாக நாளாக கண்குழி உள்வாங்கிடும், கருவிழியும் கெடும், அதனால நிறுத்தணும், ஆனா கைக்கு வேற வேலை கொடுத்துத்தான் நிறுத்த முடியும். பிசைய மாவு, உருட்ட பந்து, தட்ட டப்பா, ஊஞ்சல். கண்ணாடி இல்ல தொப்பி போட்டிருந்தா விரல் போறது குறையும். எந்த நேரத்துல அதிகமா செய்றான்னு ஒரு வாரம் கவனிங்க, பெரும்பாலும் சும்மா உக்கார வச்சிருக்குற நேரமாத்தான் இருக்கும். அழுத்துறதோட கண்ணு சிவந்து, வலியில அழுதா அது வேற, அன்னிக்கே கிளினிக் போங்க.